மாசியில் நிறுத்திய நிலை

கே.கே. நகர்ப் பூங்காவில் காலை நடையை முடித்துவிட்டு, சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது நம்மில் யாராவது ஒருத்தி ஆரம்பித்துவிடுகிறாள். "கவர்மென்டே சும்மா வீடு கட்டிக் குடுத்துருது. அப்புறம் இவளுக எதுக்கு ஒழுங்கா வீட்டு வேலைக்கு வரப்போறாளுக" என்கிறாள். மற்றவர்கள் ஆமாம் போடுகிறீர்கள். நானும் இத்தனை நாள் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டுதான் இருந்தேன். நேற்று முட்டிவலியோடு கோபமும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நம் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். நீளமாக இருக்கிறது என்று தள்ளிவிடாமல் படியுங்கள்.

அந்தச் சும்மா வீட்டில் வளர்ந்தவள் நான். உங்களில் ஒருத்திக்கும் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் நானும் இருந்தேன். தல்லாகுளத்தில் ஆபீஸ் வேலை, இங்கே மாடி வீடு என்று ஆன பிறகு யார் வந்து கேட்கப்போகிறார்கள்.

எங்கள் ஊர் மேலூருக்குப் போகிற வழியில், பெரியாற்று வாய்க்காலை ஒட்டி உள்ளே போக வேண்டும். எனக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். பொங்கல் கழிந்து கரும்புச் சக்கை இன்னும் தெருவில் கிடந்தது. அப்பா மேலூர் யூனியன் ஆபீசுக்குப் போய்விட்டு வந்தவர், வாசலில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னார்.

"தொகுப்பு வீடு வந்துருச்சு. உம் பேருலதேன் எழுதியிருக்காக."

"எம் பேருலயா? எதுக்கு எம் பேருல?"

"பொம்பள பேருலதேன் குடுப்பாகளாம். சட்டமாம்."

அன்றைக்கு அம்மா வைத்த சோறு இரண்டு தடவை அடிப்பிடித்தது. அதுவரை அவள் பேரில் இந்த உலகத்தில் இருந்தது ஒரு ரேஷன் கார்டு வரிதான், அதுவும் அப்பாவுக்குக் கீழே.

வீடு கட்ட இடம் வேறு எங்கே இருக்கிறது? இருந்த வீட்டைப் பிரித்துவிட்டு அதே இடத்தில்தான் கட்ட வேண்டும். தரை காலியாக இருந்தால்தான் யூனியன் ஓவர்சியர் வந்து அளந்து முளைக்குச்சி அடிப்பார். எங்களுடையது ஓலைக் கூரை, மண் சுவர். ஓலையை இறக்கியபோது கறுத்த தூசி கிளம்பி எல்லோரும் இருமினோம். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு தேள் இருந்தது. உள்ளே என் தோள் உயரத்துக்கு ஒரு குலுக்கை இருந்தது, தானியம் கொட்டி வைக்கிற மண்கூடு. வீட்டுக்குள்ளேயே வைத்துச் செய்தது, வாசல் வழியாக வெளியே வராது. அம்மா உலக்கையை எடுத்து அவளே அதை உடைத்தாள். உள்ளிருந்து பழைய சோளத்தின் வாசம் வந்தது. அந்த வாசத்தை அதற்குப் பிறகு நான் எங்கேயும் முகரவில்லை.

வீடு முடிகிறவரைக்கும் பெரியப்பாவின் மாட்டுத் தொழுவத்தில் எங்களுக்கு இடம். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். ஊரில் நல்லது கெட்டதுக்கு நாள் பார்த்துச் சொல்கிறவர் அவர்தான். அப்பா அவரைக் கேட்காமல் நாற்று நடக்கூட இறங்கமாட்டார். ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் நாங்கள், நடுவில் ஒரு சாக்குப் படுதா. மாடு அசைபோடுகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்கும். பெரியம்மா காலையில் சாணி அள்ள வரும்போது எங்கள் பக்கத்தையும் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

இப்போது அந்தச் சும்மாவுக்கு வருகிறேன். பணத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடமாட்டார்கள். அஸ்திவாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு தவணை. வாசல் நிலை நின்று, சுவர் அதன் உயரத்துக்கு வந்தால் அடுத்தது. கூரை போட்டால் மிச்சம். ஓவர்சியர் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு அப்பாவிடம் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"மார்ச் கடைசிக்குள்ள நிலை மட்டம் வந்துரணும். வரலைன்னா பட்டியல்ல அடுத்த ஆளுக்கு மாத்திவிட்ருவாங்க. மேல இருந்து அப்படித்தான் ஆர்டர். நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"கூலிக்கு சார்?"

"குடுக்குறது செங்கலுக்கும் சிமெண்டுக்குமே சரியாப் போகும். ஆள் வேலைய நீங்களே பாத்துக்கங்க. சொந்த வீடுதான?"

மார்ச் கடைசி என்றால் பங்குனி பாதி. பங்குனியில் எங்கள் பக்கம் நிலை வைக்கமாட்டார்கள், உங்களுக்கும் தெரியும். ஆக மாசிக்குள் நிலை நின்றாக வேண்டும். பெரியப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டி மாசியின் கடைசி முகூர்த்தத்தைக் குறித்துக் கொடுத்தார். அதை விட்டால் சித்திரைதான். சித்திரைக்குள் வீடு அடுத்தவன் கைக்குப் போய்விடும். பழைய வீடோ பிரித்த ஓலையாக வேப்பமரத்தடியில் கிடந்தது.

கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாததால் கொத்தனார் ஒருவரை மட்டும் பேசினார்கள். அப்பா மண் வெட்டிக் கலவை போடுவார். சித்தாள் வேலை முழுக்க அம்மா. செங்கல் சுமப்பது, மணல் சலிப்பது, சாந்துச் சட்டியைத் தூக்கிக் கொடுப்பது, தண்ணீர் கொண்டுவருவது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாந்து தெறித்து வெளுத்துப்போன அவள் கால்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு நாள் காலையில் தொழுவத்துக்குப் பின்னால், வைக்கோல் போருக்கு மறைவில் அம்மா வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் இருக்க முந்தானையை வாயில் திணித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"யாருகிட்டயும் சொல்லிப்புடாத தாயி. ஒனக்குத் தங்கச்சியோ தம்பியோ வரப்போகுது."

"அப்பாகிட்ட?"

"அப்பாகிட்டயும் சொல்லக் கூடாது. அவுக ஒங்க பெரியப்பாகிட்டச் சொல்லாம இருக்கமாட்டாக. புள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல நிலை வைக்கக் கூடாதும்பாரு. புள்ள பொறந்த பெறகு வைப்பம்பாரு. அம்புட்டுத்தேன், வீடு போயிரும்."

"வச்சா என்னாகும்மா?"

அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வேலைக்குப் போய்விட்டாள். அந்தப் பதில் வராததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வகுப்பில் டீச்சர் கணக்குப் போடும்போதும் அதுதான் ஓடும். நிலை வைத்தால் பிள்ளைக்கு ஏதோ ஆகும். வைக்காவிட்டால் வீடு போகும். இரண்டில் எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் இருந்த பிள்ளையாரை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

மறைப்பது லேசான காரியமா? அந்தக் காலத்தில் வீட்டுக்குத் தூரமானால் ஒதுங்கி உட்கார வேண்டும் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தனித் தட்டு, தனிச் செம்பு, தனிப் பாய். ஒரு மாதம் ஒருத்தி ஒதுங்கவில்லை என்றால் ஊருக்கே தெரிந்துவிடும். பெரியம்மா அதைக் கணக்கு வைத்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் அம்மா நாள் வந்ததும் ஒன்றும் ஆகாமலேயே தொழுவத்தின் மூலையில் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "வேல கெடக்குறப்பத்தேன் ஒனக்கு வரும்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். நான் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அந்த மாசியில் அவள் உடம்பு ஓய்ந்து உட்கார்ந்தது அந்தப் பொய்த் தூரத்தில்தான். மற்ற நாளெல்லாம் சாந்துச் சட்டி.

பெரியம்மாவுக்கு அப்படியும் சந்தேகம் போகவில்லை. ஒரு நாள் அம்மா மாவடுவை உப்பில் தொட்டுக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்கள்.

"என்னத்தா, வாய்க்கு ருசி கேக்குதோ?"

"பசிக்குதுக்கா. வேற என்ன இருக்கு தொழுவத்துல" என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே. பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். நான் சட்டென்று அம்மா கையிலிருந்த மாவடுவைப் பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன். புளிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு யாராவது ஒரு கை கொடுத்துச் சட்டி பிடிக்க வந்தால்கூட அம்மா வேண்டாம் என்றுவிடுவாள். கிட்டே வந்தால் தெரிந்துவிடுமே. முன்னைவிட வேகமாகச் சுமந்தாள். இப்படி ஓடியாடுகிறவளை எவளாவது பிள்ளைத்தாச்சி என்பாளா?

கொத்தனார் மட்டும் ஒரு தரம் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு சித்தாள வையிங்கண்ணே. ஆத்தா ஒத்தையாக் கெடந்து மல்லுக்கட்டுது" என்றார். அப்பா கையை விரித்தார். கொத்தனார் கரண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நாலு பெண் பெற்றவர், தெரியாமலா இருக்கும். ஆனால் நிலை நின்றால்தான் அவருக்கும் கூலி.

நிலை வைக்கிற நாள் வந்தது. வேப்பமரச் சட்டத்துக்கு எண்ணெய் பூசி, காயவைத்து, கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். மேலே மாவிலை. பொம்பளைகள் நாலைந்து பேர் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்காரிதான் முதலில் பூச வேண்டும். அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குனிந்தாள். பெரியப்பா வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, வீட்டுல முழுகாம யாரும் இல்லையில்ல?"

"இல்லண்ணே" என்றார் அப்பா, யோசிக்கவே இல்லாமல்.

அம்மா நிமிரவில்லை. நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டத்தின் நீளத்துக்கு மஞ்சளை ஒரே இழுப்பாகப் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வைத்தாள். ஆம்பளைகள் சேர்ந்து தூக்கினார்கள். நிலை மெதுவாக எழுந்து நின்றது. கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, "ஊசி மாதிரி நிக்குது" என்றார். பால் ஊற்றினார்கள். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். நான் அம்மாவின் வயிற்றையே பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு நான் இரண்டு இலைப் பொங்கல் தின்றேன்.

சுவர் ஏற ஆரம்பித்தது. சிமெண்டுக் கட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்தால் வெடித்துவிடும். வெடிப்பு இருந்தால் ஓவர்சியர் கையெழுத்துப் போடமாட்டார். மாசியோடு வாய்க்காலில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். களத்து மேட்டைத் தாண்டி ஊர்க் கிணறு. அங்கேயிருந்து தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று அம்மா சுமந்தாள். வெயில் ஏற ஏற, ஊற்றின தண்ணீரைச் சுவர் உறிஞ்சிவிட்டு மறுபடி வெளுத்துவிடும். ஈரச் சிமெண்டு வாசம் நம்மில் பல பேருக்குப் பிடிக்கும். இங்கே என் வீட்டு மாடியில் வேலை நடந்தபோது நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். தங்கை என்றால் பெரியப்பா மகள்.

பங்குனி பிறந்து கொஞ்ச நாளில், நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அம்மா களத்து மேட்டில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் நடுவழியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஓடிப்போனேன். "ஒண்ணுமில்ல, அந்தக் கொடத்த நீ கொண்டுபோய்ச் சொவத்துல ஊத்து" என்றாள். முகம் சுருங்கியிருந்தது. அவள் எழுந்தபோது சேலையின் பின்பக்கம் நனைந்திருந்தது. தண்ணீர் என்று நினைத்தேன். தண்ணீர் இல்லை.

மேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளை தங்கவில்லை. அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததே அங்கே நர்ஸ் சொல்லித்தான். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நிலைய வைக்க விட்டிருக்கமாட்டீக" என்றாள் அம்மா.

ஊரில் பெரியப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "நிலை காவு வாங்கிருச்சு." பெரியம்மா அழுதார்கள், உண்மையாகவே அழுதார்கள். கிணற்றடியில் எல்லோரும் அதையே சொன்னார்கள். கொடுமை என்னவென்றால் அம்மாவும் அதையே நம்பினாள். சாகிறவரைக்கும் நம்பினாள். நிலையை வைத்ததால்தான் போனது, நான்தான் கொன்றேன் என்று என்னிடமே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். அந்தக் குடங்களைப் பற்றி ஒருவர், ஒரே ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. என் பிள்ளை என் வயிற்றில் இருந்த சமயம் டாக்டரம்மா "வெயிட் தூக்காதீங்க" என்று சாதாரணமாகச் சொன்னபோதுதான் எனக்குப் பொட்டில் அடித்தது. ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். செங்கலுக்குக் கொடுத்தார்கள், சிமெண்டுக்குக் கொடுத்தார்கள். ஒரு சித்தாளுக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நல்ல திட்டம்தான். அந்தச் சுவர்களுக்குள் படித்துத்தான் நான் வேலைக்குப் போனேன். அதையும் மறுக்கமாட்டேன். இரண்டையும் சேர்த்துத்தான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கொத்தனாரும் அப்பாவும் சுவரை மட்டத்துக்கு ஏற்றிவிட்டார்கள். தண்ணீரை நானும் பெரியம்மாவும் ஊற்றினோம். ஓவர்சியர் மேலூரிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். யார் பேரில் வீடோ அந்தப் பொம்பளை நிலைக்குள் நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டுமாம். அது இருந்தால்தான் அடுத்த தவணை. மறுநாள் வாருங்கள் என்று கேட்டதற்கு, "மாசம் முடியுதுங்க, நாளைக்கு வேற ஊரு" என்றார். அப்பா வண்டியைப் பூட்டிக்கொண்டு மேலூருக்குப் போனார். ஓவர்சியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேப்பமரத்தடியில் இரண்டு இளநீர் குடித்தார்.

வெயில் தாழ்கிற நேரத்துக்கு வண்டி வந்தது. அம்மா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். உதடு வெளுத்திருந்தது. பெரியப்பா குறுக்கே வந்து நின்றார்.

"தீட்டோட நிலைக்குள்ள நிக்கக் கூடாது தம்பி. பட்டது போதாதா?"

அப்பா அவர் அண்ணன் முகத்தைப் பார்த்து எதிர்த்துப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

"நிக்கட்டும்ணே. வீடு அவ பேருல இருக்கு" என்றார்.

அம்மா மெதுவாக நடந்துபோய் நிலைக்குள் நின்றாள். மஞ்சள் இன்னும் சட்டத்தில் மங்காமல் இருந்தது. ஸ்டுடியோக்காரர் முக்காலியை நகர்த்தி வைத்துக் குனிந்து பார்த்தார். ஓவர்சியர் பக்கத்தில் நின்றுகொண்டு, "சிரிங்கம்மா. அதான் வீடு வந்துருச்சுல்ல" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. கெட்ட மனிதர் இல்லை.

அம்மா சிரித்தாள். சிரித்தபடியே முந்தானையை முன்னால் இழுத்து வயிற்றை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடுங்கம்மா. சேலைய ஏன் இழுத்துப் புடிச்சிருக்கீங்க?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

பெரியப்பா, பெரியம்மா, கொத்தனார், அப்பா, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான், எல்லோரும் எதிரில்தான் நின்றோம். அங்கே மறைக்க இனி ஒன்றும் இல்லை என்று எங்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அம்மா கையை எடுக்கவில்லை. ஸ்டுடியோக்காரர் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, படத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.